சக்கரக் கணக்கும் வானத்துக் கணக்கும்

உலக சாதனைக்குத் தகுதி பெற வேண்டிய மாரத்தான் ஓட்டப் பாதை உண்மையிலேயே 42.195 கிலோமீட்டர் இருக்கிறதா என்று அளக்க வருபவர், செயற்கைக்கோளை நம்பி வருவதில்லை. சைக்கிளில் வருகிறார். அந்தச் சைக்கிளின் முன்சக்கர அச்சருகே பல்சக்கரம் வைத்த சிறிய எண்ணி ஒன்று இருக்கும். அதன் பெயர் ஜோன்ஸ் கவுண்ட்டர். அமெரிக்கரான ஆலன் ஜோன்ஸ் தன் மகன் கிளெய்னோடு சேர்ந்து 1971இல் உருவாக்கியது. சக்கரம் ஒருமுறை சுற்றினால் அதில் இருபதோ அதற்குக் கொஞ்சம் கூடவோ எண்ணிக்கை ஏறும்.

அளப்பவர் நேரே ஓட்டப் பாதைக்குப் போய்விட மாட்டார். எஃகு நாடாவால் அளந்து குறிக்கப்பட்ட சில நூறு மீட்டர் நேர்ச்சாலை ஒன்றில் முதலில் நான்கு முறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கணக்கிட்டுக்கொள்வார். பாதையை அளந்து முடித்ததும் அதே நேர்ச்சாலைக்கு வந்து இன்னும் நான்கு முறை ஓட்டுவார். காரணம் டயர். காலையில் குளிர்ந்து கிடந்த டயர் வெயில் ஏற ஏறச் சூடாகும். உள்ளே அழுத்தம் கூடி, சக்கரம் இம்மியளவு பெருக்கும். அதே தூரத்துக்கு எண்ணிக்கை குறையும். இவ்வளவும் செய்த பிறகும், தூரம் குறைந்துபோய்விடக் கூடாதே என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மாரத்தானுக்கு 42 மீட்டர், கூடுதலாகச் சேர்த்துத்தான் பாதையை வகுப்பார்கள்.

அணுக்கடிகாரங்களைச் சுமந்தபடி 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தப் பழைய முறை ஏன் இன்னும் நிற்கிறது? இதற்கான பதில், சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரும் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதிலாகும். தூரம், வேகம், ஏற்றம் எல்லாம் தெரிந்துகொள்ள போனில் இருக்கும் ஜிபிஎஸ் போதுமா, சக்கரத்தில் தனியாக சென்சார் மாட்ட வேண்டுமா?

சக்கரம் எதை எண்ணுகிறது?

பழைய வகை சென்சாரில் இரண்டு பாகங்கள். சக்கரக் கம்பி ஒன்றில் சிறிய காந்தம்; அதற்கு எதிரே போர்க்கில் ஒரு ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள்தான் அந்த சுவிட்ச். காந்தம் கடந்துபோகும் கணத்தில் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மின்சுற்று மூடும், ஒரு சுற்று கணக்கில் ஏறும். இப்போது வரும் சென்சார்களுக்குக் காந்தம் வேண்டாம். ரப்பர் பட்டையால் ஹப்பில் கட்டிவிட்டால் போதும். சக்கரத்தோடு சேர்ந்து தானும் சுழலும்போது, புவியீர்ப்போ புவியின் காந்தப்புலமோ தன்னைப் பொறுத்துத் திசை மாறுவதை உணர்ந்து சுற்றை எண்ணிக்கொள்ளும்.

சென்சார் வேகத்தை அளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ப்ளூடூத் அல்லது ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பு வழியாக அது அனுப்புபவை முக்கியமாக இரண்டே எண்கள். இதுவரை எத்தனை சுற்று ஆனது என்பது ஒன்று. கடைசிச் சுற்று எந்த நேரத்தில் முடிந்தது என்பது மற்றொன்று. நேரத்தை ஒரு விநாடியின் 1024இல் ஒரு பங்கு என்ற அலகில் சொல்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய நான்கு முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த அலகில் சுமார் 259 ஆகும். அதில் ஒன்று முன்னே பின்னே போனாலும் பிழை அரை சதவீதத்தைத் தொடாது. எண்ணும் வேலையில் இந்தச் சின்னப் பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வருவது நம் பக்கத்திலிருந்து. சுற்றுகளைத் தூரமாக மாற்ற ஒரே ஒரு எண் வேண்டும். அது சக்கரத்தின் சுற்றளவு. அதை நாம்தான் கொடுக்கிறோம். அல்லது கருவி தானாக வைத்திருந்த எண்ணை அப்படியே விட்டுவிடுகிறோம். உங்கள் டயரின் பக்கவாட்டில் 25-622 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். டயரின் அகலம் 25 மில்லிமீட்டர், அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர் என்று பொருள். டயரின் உயரமும் ஏறக்குறைய அதன் அகலமே என்று கொண்டு இருபுறமும் சேர்த்தால் விட்டம் 672. பையால் (π) பெருக்கினால் சுற்றளவு சுமார் 2111 மில்லிமீட்டர். சாலை மோசமாக இருக்கிறதே என்று 32 அகல டயருக்கு மாறியவருக்கு இது 2155. அவர் எண்ணை மாற்ற மறந்துவிட்டால், 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரும்போது திரையில் 98தான் இருக்கும். நாளை ஓட்டினாலும் 98தான், அடுத்த மாதம் ஓட்டினாலும் 98தான்.

இந்தப் பெருக்கல் கணக்கும் தோராயம்தான். ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தரையில் சற்று அமுங்கும். சரியான வழி, வால்வு தரைக்கு நேராக இருக்கும்போது ஒரு கோடு போட்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடியே நேராகப் பத்துச் சுற்று உருட்டி, மறுகோடு போட்டு, நாடாவால் அளந்து பத்தால் வகுப்பது. ஒரே சுற்றில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் அரை சதவீதப் பிழை. அதே ஒரு சென்டிமீட்டர் பத்துச் சுற்றுக்குப் பரவினால் 0.05 சதவீதம். வழக்கமாக அடிக்கும் அளவுக்குக் காற்று அடித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

வானம் எதைக் கணிக்கிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் தன் கடிகார நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த அலை நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். போனுக்குள் அணுக்கடிகாரம் கிடையாது, மலிவான குவார்ட்ஸ்தான். எனவே இடத்தைச் சொல்ல மூன்று கோள்கள், போனின் கடிகாரத்தைத் திருத்த இன்னொன்று என்று குறைந்தது நான்கு கோள்கள் கண்ணில் பட வேண்டும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை இடம் தள்ளிக் காட்டிய அன்றைய ஜிபிஎஸ் கருவி சைக்கிள்காரருக்கு உதவியிருக்காது. இன்று திறந்தவெளியில் நல்ல போன் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இஸ்ரோவின் நாவிக் ஆகியவற்றின் கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் அலை மிக மெலிந்துதான் வருகிறது. அடர்ந்த மரக்கூரையில் அது இன்னும் நலிகிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சுவரில் மோதித் திரும்பி, நீண்ட வழியில் வந்து சேர்கிறது. கருவி அந்த நீண்ட வழியையே நேர்வழி என்று எண்ணி, நம்மைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைக்கிறது. இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் புதிய கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

ஐந்து மீட்டர் தடுமாறும் கருவி வேகத்தை மட்டும் எப்படி ஓரளவு ஒழுங்காகக் காட்டுகிறது? இரண்டு இடங்களைக் குறித்து நடுவில் உள்ள தூரத்தை நேரத்தால் வகுப்பது மட்டுமே அதன் வழியல்ல. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஓங்கி ஒலித்து, கடந்ததும் இறங்குமே, அந்த டாப்ளர் விளைவையும் அது பயன்படுத்துகிறது. கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். விநாடிக்கு நான்கு கிலோமீட்டர் போலப் பறக்கும் கோளின் சொந்த ஓட்டம் அந்த அதிர்வெண்ணை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் நகர்த்திவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நம் சைக்கிள், கோளை நோக்கியே போனாலும், கூட்டுவது வெறும் 44 ஹெர்ட்ஸ். கோளின் ஓட்டம் துல்லியமாகத் தெரிந்திருப்பதால் அதைக் கழித்துவிட்டு இந்த 44ஐப் பிரித்தெடுக்க முடிகிறது. சீராகப் போகும்போது ஜிபிஎஸ் வேகம் நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் தடுமாற்றத்தை மறைக்கக் கருவி எண்களைச் சராசரி எடுத்துக் காட்டுவதால், திடீரென்று மிதித்து முடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் திரை சற்றுப் பின்தங்கி நிற்கும்.

இரண்டு விதமான பிழை

சந்தையில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று எப்போதும் கிலோவுக்கு இருபது கிராம் குறைத்தே காட்டும். மற்றொன்றின் முள் நிற்கவே நிற்காது, சரியான எடையைச் சுற்றி ஆடிக்கொண்டே இருக்கும். முதல் தராசு பொய் சொல்கிறது, ஆனால் ஒரே பொய்யைச் சொல்கிறது. எவ்வளவு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் திருத்திவிடலாம். இரண்டாவதில் ஒரு நிறுவையை நம்ப முடியாது, நூறு நிறுவையின் சராசரியை நம்பலாம். சக்கரம் முதல் வகை. ஜிபிஎஸ் இரண்டாவது வகை.

ஜிபிஎஸ் தூரத்தில் இந்த ஆட்டம் ஒரு வினோதமான விளைவைத் தருகிறது. நேர்க்கோட்டில் போகிறோம். புள்ளிகள் கோட்டின் இப்புறமும் அப்புறமும் சிதறி விழுகின்றன. அவற்றை இணைத்தால் நெளிநெளியாக ஒரு பாதை வரும். நெளிந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளம். கருவியின் ஆட்டம் இருபுறமும் சமமாக இருந்தாலும் தூரத்தின் பிழை ஒரே பக்கம், கூடுதல் பக்கம், சாய்ந்துவிடுகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த பீட்டர் ரானாகரும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணிதமாகவே நிறுவிக் காட்டினார்கள். டீக்கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பதிவை நிறுத்த மறந்தால், நின்ற இடத்திலேயே சில நூறு மீட்டர் ‘ஓடியிருப்பதும்’ இதே ஆட்டத்தால்தான். மாரத்தான் ஓடியவர்களின் கைக்கடிகாரம் பெரும்பாலும் 42.195ஐத் தாண்டிக் காட்டுவதற்கும் இதில் பங்குண்டு. பாதையைச் சைக்கிள்காரர் வளைவின் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சாத்தியமான மிகக் குறுகிய வழியில் அளந்திருப்பார். கூட்டத்தில் ஓடுபவரால் அந்தக் கோட்டைப் பிடிக்க முடியாது என்பது மற்றொரு காரணம்.

வளைவில் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும். நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கணக்குக்காக ஒவ்வொன்றையும் பத்து மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் என்று கொள்வோம். ஒரு வளைவின் நீளம் 31 மீட்டர் சொச்சம். மணிக்கு 20 கிலோமீட்டரில் இறங்கினால் அதைக் கடக்க ஆறு விநாடிகூட ஆகாது. விநாடிக்கு ஒரு புள்ளி பதிவானால், கருவி வளைவைச் சின்னச் சின்ன நேர்க்கோடுகளாக வெட்டி, சுமார் 40 சென்டிமீட்டரை மட்டும் இழக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்திருந்தால், வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏறக்குறைய ஒரே தாவல். வளைவுக்கு எட்டு மீட்டர் வரை போய்விடும். மலையிறங்கி வரும்போது அரைக் கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கும். சக்கரம் வளைவிலும் தரையைத் தொட்டுக்கொண்டேதான் போகிறது. அதற்கு இந்தத் தாவல் தெரியாது.

கூரைக்குக் கீழே போனால் போட்டியே இல்லை. 2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் உள்ளரங்கத்தில் இத்தாலியரான ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அங்கே தூரம் எண்ணப்பட்டது 250 மீட்டர் ஓடுபாதையின் கறுப்புக் கோட்டை வைத்து, சுற்றுச் சுற்றாக. வீட்டில் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி மிதிப்பவருக்கும் இதே நிலைதான். ஜிபிஎஸ்ஸைக் கேட்டால் நீங்கள் நகரவே இல்லை என்று சொல்லும், அது உண்மையும்கூட. டிரெய்னரில் முன்சக்கரம் சுற்றாது என்பதால் சென்சாரைப் பின்சக்கரத்தில் மாட்டுவது அவர்களுக்கு வசதி.

உயரத்தின் தனிக் கதை

எத்தனை மீட்டர் ஏறினோம் என்பது மலைப்பாதை ஓட்டுபவர்களுக்குத் தூரத்தைவிட முக்கியம். இதைச் சக்கரம் சொல்லாது. ஜிபிஎஸ் சொல்லும், ஆனால் அதன் பலவீனமான இடம் இதுதான். நமக்குக் கிழக்கிலும் மேற்கிலும் கோள்கள் இருப்பதால் கிடைமட்டப் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். கீழே இருக்கும் கோள்களைப் பூமியே மறைத்துக்கொள்வதால் செங்குத்துப் பிழைக்கு அந்த ஈடு கிடையாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு விசேஷம் உண்டு. ஜிபிஎஸ் முதலில் தருவது, பூமியை வழவழப்பான நீள்கோளமாகப் பாவித்து அதிலிருந்து அளந்த உயரம். உண்மையான கடல் மட்டம் புவியீர்ப்புக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. அதன் விளிம்பில்தான் நாமும் வாழ்கிறோம். மெரினாவில் நிற்பவருக்குத் திருத்தப்படாத ஜிபிஎஸ் உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே வரும். கருவிகள் தம்மிடமுள்ள புவியீர்ப்பு வரைபடத்தைக் கொண்டு இதைத் திருத்தித்தான் காட்டுகின்றன.

நல்ல சைக்கிள் கம்ப்யூட்டர்கள் ஏற்றத்தை அறிய ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டுக் காற்றழுத்தமானியை நம்புகின்றன. எட்டு மீட்டர் சொச்சம் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒரு மாடி ஏறினால்கூடக் கருவிக்குத் தெரிந்துவிடும். ஆனால் அழுத்தம் உயரத்தால் மட்டும் மாறுவதில்லை. வெப்பமண்டலத்தில் வளிமண்டலத்துக்குத் தினசரி ஏற்றவற்றம் உண்டு. காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு. இடையே மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவு வித்தியாசம். பத்து மணிக்குக் கிளம்பி நான்கு மணிக்கு வீடு திரும்பினால், வீடு 25 மீட்டர் உயர்ந்திருப்பதாகக் கருவி சாதிக்கும்.

யாருக்கு எது?

தினமும் வேலைக்குப் போய் வருகிறீர்கள், வாரக் கடைசியில் ஊர் சுற்றுகிறீர்கள், எந்த வழியில் போனோம் என்ற வரைபடம் வேண்டும் என்றால் போன் போதும். வேறெதற்கும் செலவு செய்யத் தேவையில்லை. புது வழிகளில் நெடுந்தூரம் போகிறவருக்கும் ஜிபிஎஸ்தான் துணை. வழி தவறினால் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது உதவாது.

பயிற்சி எடுப்பவர், இன்றைய வேகத்தைப் போன வாரத்து வேகத்தோடு ஒப்பிட விரும்புபவர், மரம் சூழ்ந்த மலைச்சாலையில் ஓட்டுபவர், டிரெய்னரில் மிதிப்பவர் ஆகியோருக்கு சென்சார் வேண்டும். பொத்தான் பேட்டரி ஒன்று அதற்கு மாதக்கணக்கில் வரும், போனைப் போலத் தினமும் சார்ஜ் கேட்காது. மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அறிய வேண்டுமானால் வேக சென்சாரும் போதாது, ஜிபிஎஸ்ஸும் போதாது. வேகத்தை வைத்து ஆற்றலை ஊகிக்கும் செயலிகளுக்கு எதிர்க்காற்று எவ்வளவு என்று தெரியாது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. கிராங்கில் உலோகம் வளையும் அளவை நேரடியாக அளக்கும் பவர் மீட்டரே அதற்கு வழி. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986இல் தொடங்கிவைத்த தொழில்நுட்பம் அது.

சென்சாருக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்கு ஊர் தெரியாது, வீடு தெரியாது. உலகெங்கும் பயனர்கள் ஓடிய, ஓட்டிய தடங்களைத் திரட்டி ஸ்ட்ராவா செயலி 2017இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. வெறிச்சோடிய பாலைவனங்களின் நடுவே பளிச்சென்று தெரிந்த வட்டப் பாதைகள் ராணுவ முகாம்கள் என்று 2018 ஜனவரியில் வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. தினமும் ஒரே வாசலில் தொடங்கி ஒரே வாசலில் முடியும் தடம், அந்த வாசல் யாருடையது என்பதையும் சொல்லிவிடும். ஜிபிஎஸ் பதிவைப் பொதுவில் போடுபவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் அமைப்பை முதலில் இயக்குவது நல்லது.

இரண்டையும் வைத்திருப்பவருக்கு நல்ல செய்தி: ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். சென்சார் இணைந்திருந்தால் பெரும்பாலான சைக்கிள் கம்ப்யூட்டர்கள் வேகத்தையும் தூரத்தையும் சக்கரத்திடமும், வழியை மட்டும் ஜிபிஎஸ்ஸிடமும் கேட்கின்றன. சுற்றளவை ஜிபிஎஸ் கொண்டு தாமே கண்டுபிடித்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. 

உங்கள் கருவிக்கு அந்த வசதி இல்லாவிட்டால், கையாலேயே செய்துவிடலாம். வானம் மறைக்காத, அதிகம் வளையாத நெடுஞ்சாலையில் இரண்டு பதிவுகளையும் ஓடவிட்டு நெடுந்தூரம் ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். வித்தியாசம் ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வந்தால் அது ஜிபிஎஸ்ஸின் ஆட்டம், விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் வந்தால் அது நீங்கள் கொடுத்த சுற்றளவின் பிழை. சென்சார் 49, ஜிபிஎஸ் 50 என்றால், கருவியில் உள்ள 2111ஐ ஐம்பதால் பெருக்கி நாற்பத்தொன்பதால் வகுங்கள். 2154 வரும். இனி டயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள்: 32-622 என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.